கடலோர வீட்டுக்காரர்களே, 'துரு ட்ரீட்மென்ட்' கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், அலைச்சாரல் படும் தூரத்தில் ஒரு வீடு. பால்கனியின் அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. வேலை எடுத்தவர் பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தினார், கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்த்தார், எபாக்ஸி பெயின்ட் அடித்துப் பாலிமர் கலவை பூசினார். பத்து வருஷ கேரண்டியும் எழுதிக் கொடுத்தார். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பூசிய இடம் அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்தில், முன்பு நன்றாக இருந்த கான்கிரீட் கம்பி போகும் கோட்டிலேயே வெடித்து, பழுப்புக் கறை வடிகிறது. "இது புது இடம் சார், கேரண்டியில் வராது" என்று கைவிரித்துவிட்டார்.

புது இடமே இல்லை, அவர் வேலை செய்த விதத்தால் வந்த வெடிப்பு அது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பி மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். கடல் உப்பிலுள்ள குளோரைடு அதை உடைக்கிறது. ஓரிடத்தில் கம்பி துருப்பிடிக்கும்போது அந்த இடம் ஆனோடாகி, அதாவது தான் அரிபடும் முனையாகி, பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் பக்கத்துக் கம்பிக்கு இருந்த அந்தக் காப்பு போய்விடும். ஏற்கெனவே உப்பு ஏறிய பக்கத்துப் பகுதி அடுத்த ஆனோடாகிவிடும்.

பெயின்ட்டும் காப்பாற்றாது. கம்பியின் குழிகளில் உப்பு தங்கியிருக்கும், பின்பக்கத்தை பிரஷ் தொட்டே இருக்காது. தொழிற்சாலையிலேயே எபாக்ஸி பூசி வந்த கம்பிகூட அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் கடல் பாலங்களில் கட்டிய சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்தது 1986-ல் தெரியவந்தது. கையால் அடித்த பெயின்ட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று: கொத்திய இடத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறம் மாறும் ரசாயனத்தைத் தெளித்து, "பிங்க் வருது பாருங்க, கான்கிரீட் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பிங்க் வந்தால் காரத்தன்மை இருக்கிறது என்று மட்டுமே பொருள். உப்பு இருக்கிறதா என்பதை அது காட்டாது. கம்பி இருக்கும் ஆழம்வரை படிப்படியாகத் துளையிட்டு, தூளை ஆய்வகத்தில் குளோரைடுக்குச் சோதிக்க வேண்டும். சிமென்ட் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவான அளவுகோல். கூடவே ஹாஃப்-செல் அளவீடும், அதாவது கம்பியின் மின்னழுத்தத்தை வைத்துத் துருவைக் கணிக்கும் சோதனையும், கேளுங்கள். காப்பர் சல்ஃபேட் எலக்ட்ரோடில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால், வெளியே வெடிப்பு தெரியாவிட்டாலும் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு.

கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் குறைந்தது 20 மி.மீ. விரல் நுழையும் அளவு கொத்த வேண்டும். மணல் பீய்ச்சி, நல்ல தண்ணீரில் கழுவி, உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். நாலில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். புதிதாகப் பூசும் இடத்தின் விளிம்பை ஒட்டி உள்ளே துத்தநாக ஆனோடு கட்ட வேண்டும்; கம்பிக்குப் பதிலாக அது அரிபடும். கட்டும் இடத்தில் கம்பி மேல் பெயின்ட் இருக்கக்கூடாது. கம்பிகளுக்கிடையே மின் தொடர்பு இருக்கிறதா என மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், 1 ஓமுக்குள் வர வேண்டும். ஆனோடு வைத்த இடத்தில் எபாக்ஸி கலவை கூடாது, அதன் வழியே மின்னோட்டம் போகாது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு: சாரல் படும் இடத்துக்கு இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456:2000 சொல்வது குறைந்தது எம்35 தர கான்கிரீட், 50 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன்), தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு செருகியிருந்தால் கான்கிரீட் போட விடாதீர்கள். 50 மி.மீ. கவர் பிளாக் வைத்த பிறகு, டேப் பிடித்து அளந்துவிட்டுச் சம்மதியுங்கள்.