கன்ட்ரி ஹவுஸ் புக்ஸ்: ஒன்பது வருஷம் புரட்டுனதுல தெரிஞ்சது

இங்கிலாந்துல பெரிய பணக்காரங்க கிராமப்புறத்துல கட்டுன மாளிகைங்க, அதான் கன்ட்ரி ஹவுஸ், அதப் பத்தின புக்ஸ் சேக்க ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு, ஷெல்ஃபுல மூணாவது தட்டு வளைஞ்சே போச்சு. புதுசா வாங்குறவங்க போட்டோவப் பாத்து மயங்காதீங்க, ஃப்ளோர் பிளான் (எந்த ரூம் எங்கன்னு காட்டுற வரைபடம்) இருக்கான்னு மொதல்ல பாருங்க.

நானும் ஆரம்பத்துல பெரிய சைஸ் கலர் புக்கா வாங்கித் தள்ளுனேன், மடில வச்சா கால் மரத்துடும். ஹார்ட்விக் ஹால்னு ஒரு மாளிகை, அதோட படத்துல சுவரே தெரியாத அளவு ஜன்னல், உச்சில கல்லுல அதக் கட்டுன எலிசபெத் ஷ்ரூஸ்பரியோட ஈ.எஸ். எழுத்து, எல்லாம் அள்ளும். ஆனா மேல போகப்போக ஜன்னல் ஏன் உயரமாகுதுன்னு பிளானும் குறுக்குவெட்டும் பாத்தப்புறம்தான் உறைச்சுது, கீழ வேலைக்காரங்க, நடுவுல குடும்பம், மேல ராணி மாதிரி பெரிய இடத்து ஆளுங்கள வரவேற்க!

என் செட்டுல அதிகமா அழுக்கானது மார்க் ஜிரூவார்ட் 1978ல போட்ட புக்குதான். இந்த மாதிரி வீடுங்களுக்குள்ள யாரு எங்க சாப்ட்டாங்க, எங்க தூங்குனாங்கன்னு பிளான வச்சே சொல்லுவாரு. பெவ்ஸ்னர் சீரிஸ், அதான் இங்கிலாந்து கட்டடங்களுக்கு ஊர் ஊரா போட்ட கைடு, ஊர் சுத்தப் போறப்ப கைல வச்சுக்க சரி, படத்துக்காக வாங்குனா ஏமாந்துடுவீங்க.

கட்டடக் கலைஞர் காலின் கேம்ப்பெல் 1715ல ஆரம்பிச்ச விட்ருவியஸ் பிரிட்டானிகஸ்ங்குற கட்டட வரைபடத் தொகுப்போட ரீபிரிண்ட் ஒண்ணு வச்சிருக்கேன், கோடு ஒவ்வொண்ணும் அவ்வளவு சுத்தம். ஆனா அப்படியே நம்பிடாதீங்க, வான்ஸ்டெட் வீட்டுக்கே மூணு டிசைன் போட்டிருக்காரு மனுஷன், எல்லாம் கட்டுனது இல்ல, கொஞ்சம் அவரோட விளம்பரமும்தான். அந்த வீட்டையும் 1820கள்லயே இடிச்சுட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வீடு கோல்ஸ்ஹில். ரோஜர் பிராட்ங்குற கட்டடக் கலைஞர் 1650கள்ல கட்டுனது, நடுவுல நீளமா ஒரு காரிடார், ரெண்டு கோடிலயும் வேலைக்காரங்களுக்குத் தனி படிக்கட்டு, துரைமாருக்கு முன் ஹால்ல பெரிய இரட்டைப் படிக்கட்டு. 1952ல தீப்பிடிச்சு 1958ல இடிச்சுட்டாங்க, அதனால இப்ப பழைய போட்டோவும் பிளானும்தான் வீடே. என்கிட்ட இருக்க ஒரு புக்குல அந்த பிளான ரெண்டு பக்கத்துக்குப் பரப்பிப் போட்டு, சரியா அந்த இரட்டைப் படிக்கட்டு பைண்டிங் மடிப்புக்குள்ள மாட்டிக்கிச்சு. நல்லா விரிச்சா முதுகு கிழிஞ்சிடும்னு பயம், பழைய புக் கடைல பிரிஞ்சு போன காப்பி ஒண்ணு கிடைக்குமான்னு தேடிட்டு இருக்கேன்.