பக்கத் தையல் இல்லாத ஒரு சட்டைப் பற்றன்

வெளிநாட்டுச் சிறு நிறுவனமொன்று இணையத்தில் விற்கும் இந்தச் சட்டைப் பற்றனில், அதாவது துணி வெட்டுவதற்கான தாள் மாதிரியில், பக்கத் தையலே கிடையாது. முன்துண்டு இடுப்புக்குக் கீழே அகன்று, உடலைச் சுற்றிச் சென்று பின்துண்டுடன் சேர்கிறது. அதற்கு மேலே, கைக்குழியிலிருந்து இடுப்புவரை, தனியான பக்கத்துண்டொன்று அமர்கிறது. மார்புக்கு வேண்டிய டாட் (வடிவம் வரத் துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) அந்த மூட்டுக்குள்ளேயே மறைந்துவிட, இரு துண்டுகளும் சந்திக்கும் கிடைக்கோடு பொக்கற்றின் வாயாகிறது. அளவுச் சட்டையை விரித்து வைத்துத் துணியில் நேரே கோடு கீறி வெட்டிப் பழகிய நம்மவர்க்கு இந்த வெட்டு முதலில் பிடிபடாது. துண்டுகளைக் குண்டூசியால் பொருத்திப் பார்த்தால்தான் எவ்வளவு கெட்டித்தனமாக யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

செய்முறைக் குறிப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்துண்டு வந்து பொருந்தும் முன்துண்டின் உள்மூலைதான் இந்தச் சட்டையின் உயிர்நிலை. அதற்கு அவர்கள் ஒதுக்கியிருப்பதோ ஒரே வரியும் தெளிவற்ற படமும். மூலையின் இருபுறமும் தையற்கோட்டின் மேலேயே 1.5 மி.மீ. நெருக்கத் தையல் ஓட்டி, மெல்லிய துணித்துண்டொன்றைப் பின்னே வைத்துப் பலப்படுத்தி, தையலுக்கு ஓரிரு இழை மிஞ்சும்வரை மூலைக்குள் வெட்டிவிட்டு, ஊசி துணிக்குள் இறங்கியிருக்கையில் மெசினின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பித் தைத்தால் சுருக்கமின்றி அமரும். பொக்கற்றின் வாயில் துணியின் ஓரக்கரையிலிருந்து வெட்டிய ஒடுங்கிய பட்டியொன்றை வைத்துத் தைப்பதும் அவசியம். இல்லாவிடின் கைத்தொலைபேசியின் பாரத்துக்கே அது வாய் பிளந்துவிடும்.

பற்றன் 140 செ.மீ. அகலத் துணிக்குப் போடப்பட்டது. யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கும் பொப்ளின் பெரும்பாலும் 45 அங்குல அகலம் என்பதால், படத்தில் காட்டியபடி துண்டுகளை அடுக்க இயலாது. நீளத்தில் அரை மீற்றராவது கூட வாங்க வேண்டும். முழுச் சட்டைக்கும் லைனிங் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் அதை யார் உடுப்பது? மேற்பகுதிக்கு மட்டும் வொயில் எனும் மெல்லிய துணியைக் கொடுத்தால் போதும். பூப்போட்ட சீத்தையைத் தவிர்த்து ஒரே நிறத் துணியை எடுப்பது நல்லது. இல்லையேல் பாடுபட்டுத் தைத்த மூட்டு ஒருவர் கண்ணிலும் படாது.

ஏ4 தாள்களில் அச்சிடக் கொடுப்பவர்கள், பக்கத்துக்கு ஏற்பச் சுருக்காமல் 100 வீத அளவில் எடுக்கச் சொல்லி, முதற்தாளிலுள்ள சோதனைச் சதுரத்தை அடிமட்டத்தால் அளந்த பின்னரே மிகுதியை எடுப்பிக்க வேண்டும். சட்டையின் நீளத்தைக் குறைப்பதாயின் பொக்கற்றுக் கோட்டுக்குக் கீழேதான் குறைக்கலாம். மேலே கை வைத்தால் மூன்று துண்டுகளையும் ஒரே அளவில் மாற்ற நேரிடும்.