முதுகெலும்பு டிபி: எம்.ஆர்.ஐ. போதுமா, பயாப்சி வேண்டுமா?

மாதக்கணக்கில் முதுகுவலி, மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைவு. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘டிபியாக இருக்கலாம்’ என்று அறிக்கை வருகிறது. உடனே மாத்திரையைத் தொடங்குவதா, பாதித்த இடத்தில் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் (பயாப்சி) பார்த்துவிட்டுத் தொடங்குவதா? ஊசி எட்டும் இடமென்றால் எடுத்துப் பார்ப்பதே சரி என்பேன். ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரை விழுங்க வேண்டிய மருந்து இது.

எக்ஸ்ரே மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் எலும்பின் தாது சுமார் மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் அதில் தெரியத் தொடங்கும். எம்.ஆர்.ஐ. வெகு முன்பே காட்டிவிடும். சீழ் தண்டுவடத்தை அழுத்துகிறதா, இடுப்புத் தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதும் தெரியும். கால் மரத்து நடை தள்ளாடுகிறவருக்கு அதைத் தள்ளிப்போடவே கூடாது. அதன் குறை வேறு: சீழ்பிடிக்கும் சாதாரண பாக்டீரியா, கால்நடையிலிருந்து தொற்றும் புருசெல்லா, சில சமயம் புற்றுநோய் எல்லாமே கிட்டத்தட்ட இதே படத்தைத் தரக்கூடும். டிபியில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சில காலம் தப்பி நிற்கும் என்பது நல்ல துப்புதான், சாட்சி ஆகாது.

இரத்தப் பரிசோதனைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. இ.எஸ்.ஆர். ஏறினால் உடலில் எங்கோ அழற்சி, அவ்வளவுதான். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். டிபிக்கான ஆன்டிபாடி இரத்தச் சோதனைகளை இந்திய அரசு 2012லேயே தடை செய்துவிட்டது.

இனி ஊசியால் எடுக்கும் மாதிரி. சளியில் இருப்பது போல எலும்பில் கிருமி குவிந்திருக்காது. நுண்ணோக்கியில் தெரிய மில்லிலிட்டருக்குச் சுமார் 10,000 கிருமிகள் வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவிக்கு 130 அளவிலேயே போதும். இரண்டு மணி நேரத்தில் முடிவும், முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்ற தகவலும் வரும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகலாம், ஆனால் எந்தெந்த மருந்து கேட்கும் என்று விரிவாகச் சொல்வது அதுதான். திசுப் பரிசோதனை சிபிநாட் தவறவிட்டதையும் பிடிக்கும், மருந்து எதிர்ப்பைச் சொல்லாது. எனவே மூன்றுக்கும் அனுப்ப வேண்டும்.

இங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். எடுத்த துண்டு முழுவதும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போய்விடுகிறது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கல்ச்சருக்கு வழியே இல்லை. ஒரு பங்கு ஃபார்மலினில், இன்னொரு பங்கு வெறும் சலைனில். பயாப்சிக்கு முன்பே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்கு முன் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அது டிபி கிருமியையும் ஓரளவு அடக்குவதால் முடிவு பொய்யாக நெகட்டிவ் வரலாம்.

முழங்கால், இடுப்பு மூட்டு என்றால், உறிஞ்சிய நீரைவிட மூட்டின் உள்சவ்வில் எடுத்த துண்டே அதிகம் பேசும்.

கால் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தால் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. அப்போது எம்.ஆர்.ஐ.யை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். அறுவை சிகிச்சை நடந்தால் அதிலேயே மாதிரியையும் எடுத்துவிட வேண்டும்.