6 வருடம், 3 துடைப்பான்கள்: டிப்ஸ்டிக் துடைத்த அனுபவம்

ஆயில் பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கைத் துடைக்கத் தனியாக ஒரு கருவி வேண்டுமா, ஒரு துணி போதாதா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு கார், ஒரு பைக், ஒரு டீசல் ஜெனரேட்டர். மூன்றுக்கும் 6 வருடமாக வாரம் ஒருமுறை நானே ஆயில் பார்க்கிறேன். இந்த 6 வருடத்தில் மூன்று விதமான துடைப்பான்களை வாங்கிப் பயன்படுத்தினேன். இரண்டைக் கழற்றி எறிந்துவிட்டேன், ஒன்று இன்றும் கையில் இருக்கிறது.

இதில் இறங்கக் காரணம் ஒரு பயம். காரை ஒரு வளைவில் திருப்பும்போது ஆயில் பிரஷர் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. வண்டியை ஓரங்கட்டி, சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் ஆயில் குச்சியில் குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க் கோட்டுக்கும் கீழே. முந்தைய வாரம் பார்த்தபோது மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததே! அப்புறம்தான் புரிந்தது. நான் பார்த்தது சம்ப்பில், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில் இருந்த ஆயிலை அல்ல. ஏற்கெனவே ஆயில் ஊறிப்போன பனியன் வேஸ்ட்டால் அரைகுறையாகத் துடைத்திருக்கிறேன். குச்சியிலேயே தங்கிவிட்ட ஆயிலும், குச்சி இறங்கும் குழாயின் சுவரிலிருந்து இழுபட்டு வந்த ஆயிலும் சேர்ந்து மேலே ஒரு பொய்க் கோட்டைப் போட்டிருந்தன. அந்த விளக்கு பிரஷர் விழுந்தால்தான் எரியும். மட்டம் குறைய ஆரம்பித்தவுடன் அது நமக்குச் சொல்லாது. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிய அந்த ஒரு நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் வாங்கியது குழாயின் வாயிலேயே மாட்டுகிற வகை. உள்ளே ரப்பர் உதடுகள். குச்சியை இழுத்தால் தானாகவே வழித்துவிடும், கையில் கறை படாது. கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் டிப்ஸ்டிக்கை இரண்டு முறை இழுக்க வேண்டும். முதல் தடவை துடைக்க, இரண்டாவது தடவை படிக்க. இரண்டாவது தடவையும் அது வழித்துவிட்டால் படிக்க என்ன இருக்கும்? அதற்காக ஒரு சின்ன நெம்புகோல் வைத்திருந்தார்கள், படிக்கும்போது அதைத் தள்ளி உதடுகளைத் திறந்துகொள்ள வேண்டும். மறந்தால் மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதத்தில் என்ஜின் சூட்டில் ரப்பர் இறுகி வெடித்தது. ஒரு நாள் குச்சியின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அது உள்ளே விழுந்திருந்தால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. போதாக்குறைக்குக் குழாய் வாய் சரியாக மூடாமல் ஐட்லிங்கும் (வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடுவது) தடுமாறியது. பல கார்களில் டிப்ஸ்டிக்கின் தலை வெறும் பிடி மட்டுமல்ல, காற்று புகாமல் அடைக்கும் மூடியும் அதுதான். கழற்றி எறிந்த அன்றே ஐட்லிங் சரியானது.

இரண்டாவது, பானெட்டுக்குள் ஓரமாக ஒட்டிவைக்கும் ஸ்பாஞ்சுப் பெட்டி. பிளவில் குச்சியைக் குத்தி இழுத்தால் போதும். முதல் மாதம் பிரமாதம். அப்புறம் ஸ்பாஞ்சு முழுக்க ஆயில் குடித்து, மேலே புழுதியும் பிடித்துவிட்டது. துடைப்பதற்குப் பதில் பூசிவிட ஆரம்பித்தது. விரலை வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. அந்த மணலைத்தான் வாராவாரம் என்ஜினுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆயில் ஊறிய ஸ்பாஞ்சை எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது தீப்பிடிக்க வழி என்பதும் உறுத்தியது. ஒரு வருடத்தில் அதையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் நிலைத்தது. துணி காயப்போடும் கிளிப்பைப் போல ஒரு சாதாரண இடுக்கி. இரண்டு தாடையிலும் பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் பட்டைகள், கழற்றித் துவைக்கலாம். பிடிக்குச் சற்றுக் கீழே கவ்வி, குச்சியைப் படுக்கைவசமாகப் பிடித்துக்கொண்டு நுனி வரை ஒரே இழுப்பு. தட்டையான இரண்டு பக்கமும், நாம் எப்போதும் மறந்துவிடும் இரண்டு விளிம்பும் ஒரே நேரத்தில் சுத்தமாகிவிடும். என்னைக் கேட்டால் விளிம்புதான் முக்கியம். இரண்டாவது முறை இழுக்கும்போது விளிம்பில் தங்கிய ஆயில் வழிந்து தட்டையான பக்கத்துக்கு வந்துதான் கோட்டை உயர்த்திக் காட்டும்.

குறை இல்லாமல் இல்லை. இப்போது வரும் கம்பிக் கயிறு போல வளையும் குச்சிகளின் நுனியில் பிளாஸ்டிக் வரிப்பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் இந்தப் பட்டை இறங்காது, பேப்பரை மடித்துத்தான் துடைக்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்றினேன். பட்டையைப் பத்து முறைக்கு ஒருமுறையாவது சோப்புப் போட்டுத் துவைத்தே ஆக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இதுவும் அந்த ஸ்பாஞ்சுப் பெட்டி மாதிரிதான் ஆகும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் குச்சிக்குத் தனிப் பட்டை வைத்திருக்கிறேன். கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் அதன் வால்வு பாடியில் இருக்கும் வழிகள் மிகக் குறுகலானவை, ஒரு நூலிழைகூட உள்ளே போகக் கூடாது. அங்கே அளக்கும் முறையும் வேறு. பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் சூடான பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொல்வார்கள். சிலவற்றில் என்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பைக்கிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. திருகு மூடியோடு வரும் குச்சியைப் பல மாடல்களில் திருகாமல், மரையின் மேல் சும்மா உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும். திருகிவிட்டால் குச்சி இன்னும் ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கவும் கூடாது.

புது ஆயில் ஊற்றிய வாரத்தில் எந்தத் துடைப்பானும் முழுதாக உதவாது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பதால் கோடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. குச்சியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ஈரம் மின்னும் இடமும் மின்னாத இடமும் பிரியும். வெள்ளைப் பேப்பரில் வைத்து ஒற்றினாலும் தெரியும். கோட்டில் துளை போட்ட குச்சி என்றால் இன்னும் சுலபம், ஆயில் படலம் துளையை அடைத்து நிற்கும். இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைவாகக் காட்டும் பக்கத்தையே நம்புங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர்தான், அதனால் பாதியில் நின்றால் அவசரப்பட்டு ஒரு முழு டப்பாவைக் கவிழ்க்காதீர்கள். மட்டம் அதிகமானால் என்ஜினுக்குள் சுழலும் க்ராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்குக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் திரவ மட்டம் அளப்பதற்கு ஜி01எஃப் 23 என்று ஒரு பிரிவே இருக்கிறது, அதில் முக்கிப் பார்க்கும் குச்சிகளுக்கென்று 23/04. மிதவை, மின்தேக்கு உணரி, அல்ட்ராசோனிக் என்று எத்தனையோ வந்துவிட்டன. குச்சியே இல்லாமல், திரையில் மட்டும் அளவு காட்டும் கார்களும் ஓடுகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருப்பதையோ, பெட்ரோல் வாடை அடிப்பதையோ மட்டம் காட்டும் திரை சொல்லாது. எனக்குக் குச்சி வேண்டும்.

ஜெனரேட்டரில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். போன மழைக்காலத்தில் வாராவாரம் பார்க்கும்போது மட்டம் குறையவே இல்லை. நல்லதுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் துடைத்த குச்சியில் கோடு அவ்வளவு துல்லியமாக விழுந்ததால், அது ஒவ்வொரு வாரமும் ஒரு நெல் அளவு மேலே ஏறுவது தெரிந்தது. ஆயில் தானாகக் கூடாது. மோந்து பார்த்தேன், டீசல் வாடை. மெக்கானிக் டீசலை என்ஜினுக்கு அனுப்பும் ஃபீட் பம்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்து, டீசல் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டயாஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றினோம். கோடு இப்போது போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.