என்ஐஓஎஸ் வழியில் மகனைப் படிக்க வைத்த அனுபவம்: அவிநாசியிலிருந்து ஒரு அம்மா

பையனுக்கு ஏழாவதில் டிசி வாங்கினோம். இப்போது என்ஐஓஎஸ் என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் (தினமும் பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுதலாம்) பத்தாவதில் நான்கு பாடம் தேறிவிட்டான், கணக்கு மட்டும் பாக்கி. நடுவில் நாங்கள் பார்த்ததை எழுதுகிறேன்.

அவனுக்கு டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான், எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறும். படித்த தனியார் பள்ளியில் "எங்க ரிசல்ட் போயிரும்" என்று நேராகவே சொன்னார்கள். சின்ன மாமனார், "ராசிபுரம் பக்கம் ஆஸ்டல்ல போட்டுரு அம்மிணி, ரெண்டே வருசத்துல வழிக்கு வந்துருவானுங்" என்றார். மார்க்குக்காகவே பிள்ளைகளை அடைத்து வைக்கும் பிராய்லர் பள்ளி என்று ஊரே கேலி பேசும், ஆனால் யோசனை கேட்டால் முதலில் வாயில் வருவதும் அதுதான்.

மாற்றுப் பள்ளிகளை விசாரித்தோம். கோவையில் வால்டார்ஃப் முறையை (கலை, கைவேலை, கதை வழியே கற்பிப்பது) தழுவிய யெல்லோ ட்ரெயின் பள்ளி பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்பட்டேன். எங்கள் வருமானத்துக்கும் தூரத்துக்கும் ஒத்துவரவில்லை. ஆனைகட்டி வித்யா வனம் பள்ளி அந்தச் சுற்றுவட்டாரப் பழங்குடிப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது, எங்களுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் எட்டாவதை ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் படித்தான். அங்கே டீச்சர் வாய்மொழியாகக் கேட்டு மார்க் போட்டார். செலவில்லாத மாற்றுக் கல்வி தெருமுனையிலேயே இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்ஐஓஎஸ்ஸுக்குத் தாவும் முன் சான்றிதழ் வாங்குங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு வழிகாட்டுதல்படி 8 வயதுக்கு மேல் சான்று தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதனை உண்டு. அது கையில் இருந்தால் மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்விலேயே கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். பலருக்கு அதுவே போதும்.

எங்களுக்குப் போதவில்லை. ஐந்து பாடத்தையும் ஒரே மாதத்தில் எழுதுவது என்றாலே அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். என்ஐஓஎஸ்ஸில் 14 வயது முடிந்தால் பத்தாவதுக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்று மொழி. வருடம் இரண்டு தேர்வு, பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான், மறுபடி எழுத வேண்டாம். முதல் தடவை ஓவியமும் டேட்டா என்ட்ரியும் மட்டும் எழுதினான். பாஸ் என்று வந்தபோது அவன் முகத்தில் இருந்த தெளிவுக்கு ஐந்து நட்சத்திரமும் தரலாம்.

மற்றதற்குத் தர மாட்டேன். நாங்கள் சேர்ந்த படிப்பு மையத்தில் நேரில் பாடம் நடத்தும் தொடர்பு வகுப்பு பேருக்கு நடந்தது, அதுவும் ஆங்கிலத்தில். எல்லாப் பாடத்துக்கும் தமிழ்ப் புத்தகம் கிடைக்காது. பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பட்டியலைப் பாருங்கள். 20 சதவீதம் மதிப்புள்ள வீட்டு ஒப்படைப்புகளை யாரும் நினைவூட்ட மாட்டார்கள், தேதியைக் காலண்டரில் நாமே வட்டம் போட வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் எங்கள் ஊரே. பள்ளிக்குப் போகாத பையன் என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரே அர்த்தம்: பனியன் கம்பெனி. "வூட்லதான இருக்கறான், செக்கிங்க்குக் கூட்டிட்டு வாங்க" என்று எங்கள் கான்ட்ராக்டரே கேட்டார். அவனுக்கும் வாரச் சம்பளம் ருசியாகத்தான் தெரிந்தது. ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே காரணம் சொல்கிறவனை யார்தான் விடுவார்கள்? பள்ளி மணி இல்லாத வீட்டில் காலை பத்து முதல் ஒரு மணி வரை படிப்பு என்று வைத்து, நான் ஷிப்ட் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டேன். வருமானம் குறைந்தது. இப்படி ஒருவர் கூட இருக்க முடியாத வீட்டுக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை படிப்பை விட்டதாகத்தான் போய் முடியும்.

கூட்டாளிகள் விஷயமும் அப்படித்தான். சாயங்காலம் கிரிக்கெட் ஆட ஆள் உண்டு, பகலெல்லாம் தனியாள். அதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை. அப்புச்சி (என் அப்பா) வந்து தங்கும் நாட்களில் பரவாயில்லை, இருவரும் தாயக்கரம் ஆடுவார்கள்.

கணக்கு இல்லாமலே பத்தாவது முடிக்க என்ஐஓஎஸ்ஸில் இடம் உண்டு. அதைச் சொல்லித்தான் பலரும் சேர்க்கிறார்கள். ஆனால் ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளுக்குக் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். அவனுக்கு ஃபிட்டர்தான் வேண்டுமாம். அதனால் அக்டோபர் தேர்வுக்குக் கணக்குப் பாடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம். சொல்வதை எழுத ஆளும், மணிக்கு 20 நிமிடம் கூடுதலும் கேட்டு மனு போட்டாயிற்று.