தண்ணீரின் சுண்ணாம்புப் படிவுக்குக் கம்பி சுற்றும் பெட்டியா, உப்புத் தொட்டியா, சிட்ரிக் அமிலமா?

சில மாதங்களுக்கு முன் கெத்தலை, அதாவது தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டியை, கவிழ்த்தபோது, முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைச் சில்லு சிங்கில் விழுந்தது. விரலால் நசுக்கினால் உடையவில்லை. எலுமிச்சையைப் பிழிந்தேன், சுர்ரென்று நுரைத்தது. நுரைத்தால் அது சுண்ணாம்பு. பழுப்பாக இருந்து நுரைக்கவும் இல்லையென்றால் பெரும்பாலும் இரும்புக் கறை. தோட்டப்புறக் கிணறுகள் பலவற்றில் தொல்லை கொடுப்பது அந்த இரும்புதான். நான் கீழே பேசப்போகும் கம்பிப் பெட்டி அதற்கு மருந்தில்லை. எலுமிச்சை சோதனையைச் செய்யாமல் யாரும் பணத்தை எடுக்காதீர்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கம்பார் பக்கம்வரை கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக் குன்றுகள். ஈப்போ தவ்கே (முளைப்பயறு) கொழுகொழுவென்று வளர்வதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே சொல்லும். அதே தண்ணீர்தான் கெத்தலையும் அடைக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று குழாய்த் தண்ணீர். மற்றொன்று, தோட்டத்தை விட்டு வந்து இந்த நிலத்தை வாங்கியபோது அப்பா தோண்டிய கிணறு. மீன் தொட்டிக் கடையில் விற்கும் சொட்டு மருந்தால் இரண்டையும் சோதித்தேன். நிறம் மாற எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. குழாய்த் தண்ணீருக்கு 2 சொட்டு, கிணற்றுக்கு 12. அதாவது கிணற்றில் சுமார் 214 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பது வழக்கமான கணக்கு. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் 500 வரை அனுமதிக்கிறது, ஆகவே குடிக்க அச்சமில்லை. தொல்லையெல்லாம் சூடாக்கும்போதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விற்பனையாளர் வாசலுக்கு வந்தார். கையில் டி.டி.எஸ். பேனா. தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டி, "பாருங்க அண்ணே, எவ்வளவு சுண்ணாம்பு!" என்றார். அந்தப் பேனா சுண்ணாம்பை மட்டும் அளக்காது. தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துத்தான் ஒரு எண் காட்டும். இதை அன்றைக்கே அறிந்திருந்தால் அவரிடம் அரை மணி நேரத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அவர் விற்க வந்தது மின்னணுப் பெட்டி. குழாயை வெட்டத் தேவையில்லை. பெட்டியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைக் குழாயின் மேல் நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, நுனிகளை எதிலும் இணைக்காமல் டேப் ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சில வாட் மின்சாரம் போதும். மாறிக்கொண்டே இருக்கும் அலை ஒன்று கம்பியில் ஓடும். அதனால் சுண்ணாம்பு சுவரில் ஒட்டாமல் தண்ணீருக்குள்ளேயே நுண்ணிய துகளாகி ஓடிவிடும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் விளக்கம். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை: சிலவற்றில் படிவு குறைந்திருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஒன்று மட்டும் உறுதி. பெட்டி சுண்ணாம்பை வெளியேற்றுவதில்லை. ஆகவே சோப்பு முன்னைவிட நுரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோப்பின் நுரையைக் கெடுப்பது அந்தச் சுண்ணாம்பேதான்.

நம் வீடுகளில் இதைப் பொருத்தும் இடத்தில்தான் சிக்கல். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் ஒரே குழாயில் சுற்றினால், நாள் முழுக்கக் கொதிக்கும் பாய்லர்வரை அது காக்கும் என்கிறார்கள். இங்கே சமையலறைக் குழாய் நேராக மீட்டரிலிருந்து வரும், குளியலறைக்கோ கூரைத் தொட்டியிலிருந்து இறங்கும். ஒரே பெட்டி இரண்டையும் காக்காது. நான் கிணற்றுத் தண்ணீர் ஏறும் எங்கள் தொட்டியிலிருந்து ஹீட்டருக்கு இறங்கும் பி.வி.சி. குழாயில் சுற்றினேன். பழைய இரும்புக் குழாயாக இருந்திருந்தால் அங்கே சுற்றியிருக்க மாட்டேன், உலோகம் அலையைத் தடுக்கும். கூரைக்கடியில் பிளக் இல்லாததால் வயர்மேனைக் கூப்பிட்டு ஒரு பாயிண்ட் இழுக்க வேண்டியதாயிற்று. பேராக் இடி மின்னலுக்கு அடாப்டரைக் கழற்றி வைப்பதும் ஒரு வேலையாகிவிட்டது.

மூன்று மாதம் ஓடியது. ஷவர் துளைகளில் வித்தியாசம் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குளியல் ஹீட்டர் தண்ணீரை வெதுவெதுப்பாகத்தான் ஆக்கும், அந்தச் சூட்டில் படிவதே குறைவு. அதிகம் படிவது கொதிக்கும் கெத்தலில், அதற்கோ பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது.

உப்புத் தொட்டியின் கதை வேறு. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புநீரால் கழுவ வேண்டும். இது உண்மையாகவே வேலை செய்யும், சோப்பு நுரைப்பதில் முதல் நாளே தெரிந்துவிடும். ஆனால் பிளம்பர் வேண்டும், இடம் வேண்டும், உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கழுவிய உப்புநீர் கால்வாயில் போகும். நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இதை யோசிக்க வேண்டும். கறிவேப்பிலைச் செடிக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது.

சிட்ரிக் அமிலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேக் சாமான் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டால் கெத்தல் பளபளக்கும், பிறகு நன்றாக அலசிவிடுங்கள். பிளீச்சோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், விஷக் குளோரின் வாயு கிளம்பும்.

எனக்குக் கடைசியில் தேவைப்பட்டது இவை எதுவுமில்லை. கிணற்றுத் தண்ணீர்த் தேநீர்தான் அப்பாவுக்கு ருசி என்பதால் கெத்தலுக்கு அதையே ஊற்றிக்கொண்டிருந்தோம். அவரிடம் சொல்லிப் புரியவைத்து, கெத்தலைக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றினேன். ஹீட்டருக்கும் மீட்டர் தண்ணீர் போகும்படி பிளம்பர் அரை நாளில் மாற்றிக் கொடுத்தார். கிணறு இப்போது வீட்டுத் தோட்டத்துக்கும் கார் கழுவவும்.

குன்றடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் குழாய் இணைப்பே இல்லை, கிணறு ஒன்றுதான். அவரிடம் பெட்டி வேண்டாம், உப்புத் தொட்டியே போடுங்கள் என்றேன். சமையலறைக்கும் செடிக்கும் மட்டும் தொட்டிக்கு முன்னாலேயே ஒரு குழாய் பிரித்து வைத்துக்கொண்டார். கெத்தலுக்கு மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலம்.