கல்லு நிஜம், அதுமேல இருந்த ட்ரைலோபைட் வெறும் ரெசின்: ஆன்லைன்ல ஃபாஸில் வாங்கறவங்க இத படிங்க

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க, நான் ஏமாந்த மாதிரி இன்னொருத்தர் ஏமாற வேணாம். ட்ரைலோபைட்னா ரொம்ப காலம் முன்னாடியே அழிஞ்சு போன, ஓடு உள்ள ஒரு கடல் உயிரினம், அதோட ஃபாஸில் ஒண்ண கையில வச்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப வருஷ ஆசை. மொராக்கோ ஃபேக்கோப்ஸ் (ட்ரைலோபைட்ல ஒரு வகை), 39 கோடி வருஷம் பழசு, ஒரு கீறல் கூட கிடையாதுன்னு ஒரு செல்லர் போட்டிருந்தாரு, ஒரிஜினல்னு சர்டிபிகேட் வேற தர்றேன்னாரு, காசு சேத்து வச்சு வாங்கிட்டேன்.

வந்தப்ப சந்தேகமே வரல. நல்ல கனம், தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு, ரெசினா, அதாவது அச்சுல ஊத்தி வார்க்கற பிளாஸ்டிக்கா இருந்தா லேசா இருக்கும் கைச்சூடு சீக்கிரம் ஏறிடும்னு படிச்சிருந்தேன், அதனால நிஜம்னே நம்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே செல்லர் புதுசா இன்னொரு பீஸ் போட்டாரு, பாத்ததும் நெஞ்சு பகீர்னு ஆயிருச்சு. என்னோடதுல இடது கண்ணுக்குக் கீழ இருந்த அதே குழி, மூணாவது வளையத்துல அதே சின்ன உடைசல், அடிக்கல்லு மட்டும்தான் வேற. ஒரே அச்சுல வார்த்து வேற வேற நிஜக் கல்லு மேல ஒட்டிருக்காங்க, கனமும் குளிர்ச்சியும் அந்தக் கல்லோடது.

அப்புறம் லென்ஸ் வச்சு பாத்தா ஓரத்துல எல்லாம் குண்டூசி முனை அளவுக்கு உருண்டை உருண்டையா ஓட்டை, ரெசின் ஊத்தும்போது மாட்டின காத்துக் குமிழி. ஃபேக்கோப்ஸ் கண்ணுல குட்டிக் குட்டி லென்ஸ் வரிசையா தனித்தனியா தெரியணும், இதுல மெழுகு உருகின மாதிரி மழுங்கி கிடந்துச்சு. பஞ்சுல அசிட்டோன் தொட்டு ஓரத்துல தேய்ச்சேன், பழுப்பு கலர் பஞ்சோட வந்துருச்சு.

நான் பண்ணின பெரிய தப்பு கீறல் இல்லாதத பெருமையா நினைச்சது. அந்த மாதிரி ட்ரைலோபைட் எப்படி கிடைக்குதுன்னா சுத்தியல்ல பாறைய உடைப்பாங்க, பெரும்பாலும் பாறையோட சேந்து அதுவும் பிளந்துடும், ரெண்டு பாதியையும் ஒட்டிட்டு அப்புறம் நுணுக்கமா கல்ல செதுக்கி எடுப்பாங்க. அதனால பாறைலயும் உடம்புலயும் சேந்தாப்புல ஒரு கோடு ஓடினா அது நல்ல அடையாளம். ஒட்டினதோ கொஞ்சம் பட்டி பாத்ததோ தப்பே இல்ல, சொல்லாம மறைக்கறதுதான் தப்பு. யுவி லைட் அடிச்சா பசையும் பட்டியும் பல சமயம் கல்லுலேருந்து வேற மாதிரி ஒளிரும், சின்ன டார்ச் போதும்.

நிபுணர்களே ஏமாந்திருக்காங்க. இத்தாலி ஆல்ப்ஸ்ல 1931ல கிடைச்ச ட்ரைடென்டினோசாரஸ்ங்கற பழைய ஊர்வன ஃபாஸில்ல தோல் அப்படியே பதிஞ்சிருக்குன்னு பல வருஷம் நம்பினாங்க, கொஞ்சம் எலும்பு நிஜம்தான், ஆனா தோல்னு நினைச்சது செதுக்கின கல்லு மேல அடிச்ச கறுப்பு பெயின்ட்னு 2024ல தெரிஞ்சுது. மோசசார்ங்கற பழைய கடல் ஊர்வனவோட தாடையும் கவனம், பல்லு மட்டும் நிஜமா இருக்கும், தாடைய மண்ணும் பசையும் குழைச்சு பண்ணிருப்பாங்க. அம்பர்ல, அதாவது கெட்டியாகி ஃபாஸிலா ஆன மரப்பிசின்ல, முழுசா ஒரு தேள் நட்டநடுவுல போஸ் குடுக்கற மாதிரி இருந்தா கட்டாயம் சந்தேகப்படுங்க. கெட்டியான உப்புத்தண்ணில அம்பர் மிதக்கும், நிறைய பிளாஸ்டிக் மூழ்கிடும், ஆனா ரொம்ப இளசான பிசின் கோப்பாலும் மிதக்கும்ங்கறதால அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

செல்லர்கிட்ட ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வச்சு அனுப்பினேன், ரிட்டர்ன் நாள் முடிஞ்சுதுன்னு ஒரே வரி பதில், அப்புறம் பிளாக் பண்ணிட்டாரு. சர்டிபிகேட்ட திருப்பிப் பாத்தேன், அவரே பிரிண்ட் எடுத்து அவரே கையெழுத்து போட்டது. பார்சல் வந்த அன்னிக்கே லென்ஸ எடுத்திருந்தா என் காசு திரும்பி வந்திருக்கும், அதுதான் இன்னும் வலிக்குது.

இப்பல்லாம் பக்கவாட்டுலயும் அடிப்பக்கமும் எடுத்த போட்டோ, செதுக்கறதுக்கு முன்னாடி எடுத்தது இருந்தா அதுவும் கேக்கறேன், அந்த செல்லரோட பழைய பதிவு எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாக்கறேன். போன மாசம் ஒருத்தர் கேட்ட உடனே எல்லாம் அனுப்பி, வால்ல கொஞ்சம் பட்டி வச்சிருக்கேன், தலை ரெண்டா உடைஞ்சு ஒட்டினதுன்னு அவராவே சொன்னாரு. அத வாங்கிட்டேன், தலைக்கு குறுக்க ஓடற கோடு அப்படியே கல்லுக்குள்ளயும் போகுது.